விளாம்பழம், மாத்திரை போட்டாச்சா?

கோகிலவாணி முன்பின் தெரியாத ஓர் ஆளைக் காப்பாற்ற ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம் என்று சம்பூர்ணம் சொன்னதுதான்.

சம்பூர்ணம் அரசு மருத்துவமனையின் கூட்டு மருந்து மையத்தில் ஆலோசகர். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதம் ஒருமுறை அங்கே வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். தினமும் ஒன்று, ஆயுசு முழுக்க. ஆறு மாதத்துக்கு ஒரே ஓர் ஊசி போட்டால் போதும் என்கிற மருந்து வந்துவிட்டதாகப் பல வருடமாகப் பேச்சு. அது அந்த ஜில்லாவுக்கு வரும் வழியில் எங்கேயோ இருந்தது. அதுவரை மாத்திரைதான். மாத்திரையைக் கொடுப்பது அரசாங்கத்துக்குச் சுலபம். அதை விழுங்க வைப்பது சம்பூர்ணத்தின் உத்தியோகம்.

கோகிலவாணியிடம் அந்த உத்தியோகம் பலிக்கவில்லை. அவள் கணவர் லாரி டிரைவர். போகும்போது பாதி கட்டிய ஒரு வீட்டையும், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் பகலெல்லாம் இங்கேயே கிடக்கும் தன் அக்காளையும், இந்த வியாதியையும் விட்டுவிட்டுப் போனார். குழந்தை இல்லை. கோகிலவாணி கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் முட்டைகளை விளக்குக்கு முன்னால் காட்டி, உயிர் உள்ளதை ஒரு பக்கமும் இல்லாததை இன்னொரு பக்கமும் வைக்க வேண்டும். தன்னை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் மட்டும் அவளுக்குப் பெரிய அக்கறை இருக்கவில்லை.

மருத்துவமனை முதலில் அவளுடைய போனுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தது. வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் வம்பு என்று அதில் மாத்திரை என்ற சொல்லே வராது. 'வணக்கம். இன்று இனிய நாள்' என்று மட்டும் வரும். யாரோ மனை விற்கிறவர்கள் என்று நினைத்து அவள் அந்த எண்ணைத் தடுத்துவிட்டாள். அடுத்தது போனுக்குள் ஒரு பூச்செடி. மாத்திரை போட்டுவிட்டு அதைத் தொட வேண்டும், தொடாவிட்டால் வாடிவிடும். அது வாடியது. "பூ வாடுனா வாடிட்டுப் போவுது. நான் என்ன பூக்கடையா வெச்சிருக்கேன்?" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் வைரஸ் ஏறியிருந்த அன்று சம்பூர்ணம் அவளை உட்கார வைத்தாள்.

"உங்களுக்காக நீங்க போட மாட்டேங்கறீங்க. சரி, விடுங்க. இன்னொருத்தர் இருக்காருக்கா. வேற ஊரு. உங்கள விட மோசம்."

"என்னைய விடவா?" என்றாள் கோகிலவாணி. அந்த அறையில் அவள் அக்கறையோடு கேட்ட முதல் கேள்வி அது.

"யாரு சொல்லியும் கேக்கறதில்ல. தெனமும் ஒருத்தர் மெசேஜ் போட்டு அதட்டினா ஒருவேளை கேப்பாரு. எங்களால அதட்ட முடியாது. கவர்மெண்டு."

"திட்டலாமா?"

"தாராளமா."

விதிமுறைகள் இருந்தன. பெயர், ஊர், படம் எதுவும் கூடாது. குரலில் பேசக் கூடாது. ஆளுக்கொரு பழத்தின் பெயர் கொடுப்பார்கள். மாம்பழம், பலாப்பழமெல்லாம் முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டன போலிருக்கிறது. கோகிலவாணிக்குக் கொய்யா கிடைத்தது. அந்த ஆளுக்கு விளாம்பழம்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் ஆரம்பித்தாள்.

'விளாம்பழம், மாத்திரை போட்டாச்சா?'

'ஆரு, கொய்யாக்காவா? ஆசுபத்திரில சொன்னாவ.'

'போட்டாச்சா இல்லியா?'

'மறந்துட்டேம்க்கா.'

'சோறு திங்க மறந்தியா?'

'இல்ல.'

'அப்புறம்?'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. 'போட்டுட்டேம்க்கா. நீங்க போட்டாச்சா?'

கோகிலவாணி இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் குறைகள் உண்டு, ஆனால் பொய் சொல்லிக்கொண்டே ஒருவனைத் திட்டுவது அவளுக்கு வராது. எழுந்து போய், அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்த டப்பாவைத் தேடி எடுத்து, ஒன்றை விழுங்கிவிட்டு வந்து 'ஆச்சு' என்று தட்டினாள்.

அப்படித்தான் அவள் ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்தது.

விளாம்பழம் தெற்கத்தி ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஊர் சொல்லக் கூடாது என்றாலும் தொழில் வாய் தவறி வந்துவிட்டது. கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறவன். கொடை நாட்களில் மாத்திரை மறந்துபோகும். 'ஸ்பீக்கர் கட்டத் தெரியுது, ஒரு மாத்திரைய முழுங்கத் தெரியல' என்று அவள் திட்டுவாள். அவன் கோபித்துக்கொள்வான். ஒருமுறை முழுசாக ஒரு நாள் பேசாமல் இருந்தான். அவளுக்கு அன்று முட்டை பார்க்கும் வேலையே ஓடவில்லை. உயிர் இருந்ததை எல்லாம் இல்லாத பக்கம் வைத்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவன் தன் மனைவியைப் பற்றி எழுதினான். வியாதி தெரிந்ததும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஊர்க் கோயிலுக்கும் இவன்தான் மைக் செட். மைக்கைச் சோதித்துப் பார்க்கும்போது எல்லோரும் ஒன், டூ, த்ரீ என்பார்கள். அந்த ஊரில் மட்டும் இவன் சொர்ணம், சொர்ணம் என்று சொல்லிப் பார்ப்பானாம். நாலு தெருவுக்கும் கேட்கும். அது அம்மனின் பேர் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

'வந்தாளா?' என்று கேட்டாள் கோகிலவாணி.

'இல்லக்கா. ஆனா கேட்ருப்பா.'

அவளுக்குத் திட்ட ஒன்றும் தோன்றவில்லை. பதிலுக்கு, அதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதினாள். கணவர் காரியம் முடிந்த சில நாளில் பாத்திரம் கழுவும்போது தன் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. தட்டுக்கடியிலும் ஒன்று. நாத்தனாரின் வேலை. மரியாதையான நாத்தனார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பொட்டு மட்டும் வைத்துவிட்டாள். கோகிலவாணி கடைக்குப் போய் அதே சிவப்பில் ஒரு புட்டி வாங்கி வந்து, வீட்டில் இருந்த அத்தனை டம்ளருக்கும் அத்தனை தட்டுக்கும் அடியில் பொட்டு வைத்தாள். மறுநாள் காலை நாத்தனார் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தவள், எழுந்து போனாள். அதற்கப்புறம் வரவே இல்லை. கல்யாணங்காட்சியில் எதிரே பார்த்தாலும் பேச்சில்லை.

'சபாசு' என்று விளாம்பழம் எழுதினான். பிறகு, 'அழுதியளாக்கா?' என்றான்.

'உனக்கெதுக்கு அது?' என்று எழுதிவிட்டு, அவள் கொஞ்சம் அழுதாள்.

அடுத்த வருடப் பரிசோதனையில் அவள் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு அடங்கியிருந்தது. சம்பூர்ணம் சிரித்தாள். "அந்தாளு எப்படியிருக்கான், அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் கோகிலவாணி. நல்லா இருக்காரு என்றாள் சம்பூர்ணம், முகத்தைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

மாத்திரை வாங்கும் வரிசையில்தான் விஷயம் வெளியே வந்தது.

முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். சின்ன வயசு, வயிறு மேடிட்டிருந்தது. தறி ஓட்டுகிறவள், பெயர் தன்ஷிகா. கட்டியவன், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று போனை அணைத்துவிட்டுப் போனவன், இன்னும் அணைத்தேதான் வைத்திருந்தான். இதையெல்லாம் அவள் வரிசை இரண்டடி நகர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

"நீங்க என்ன பழமுங்க்கா?"

"கொய்யா."

"நான் சப்போட்டா. எனக்குக் குடுத்திருக்கற ஆளு அத்திங்க. உங்க வயசுதான் இருப்பாங்க. பாவமுங்க்கா, நான் தெனமும் கேக்காட்டி மாத்திரையே போட மாட்டாங்க. அவங்களுக்காகவே நான் ஒரு நாளும் விடறதில்ல. ஏழு மாசமாயும் மசக்கை விடலீங்க்கா, வாந்தி வாந்தியா வருது. வாந்தியெடுத்துட்டு மறுபடி ஒன்னு போட்டுட்டு அப்புறந்தான் அவங்களக் கேப்பேன்."

"நல்லது அம்முணி. வயித்துப் புள்ளைக்கு அதான் காப்பு."

"அவங்க கதையக் கேட்டீங்கன்னா நீங்களே அழுதுருவீங்க. அவங்க நாத்தனாரு இருக்குதுல்லீங்க, அது அவங்க டம்ளருக்கடில பச்சை நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வெச்சிருச்சாமா..."

"செவப்பு" என்றாள் கோகிலவாணி.

"என்னுங்க?"

"ஒன்னுமில்ல. சொல்லு."

தன்ஷிகா சொன்னாள். கடைக்குப் போனது, புட்டி வாங்கியது, எல்லா டம்ளருக்கும் பொட்டு வைத்தது. தறியில் நூல் ஓடுவதுபோலத் தடங்கலில்லாமல் சொன்னாள். "அப்புறம் அந்த நாத்தனாரு அழுது மன்னிப்புக் கேட்டுச்சாமா. இப்ப ரெண்டு பேரும் ஒன்னாத்தான் உக்காந்து சாப்படறாங்களாமா. அத்தியம்மா மனசு யாருக்கு வரும், சொல்லுங்க?"

கோகிலவாணி வரிசையை விட்டு விலகி, மாத்திரை வாங்காமல், நேராகச் சம்பூர்ணத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"விளாம்பழம் யாரு மேடம்?"

சம்பூர்ணம் பேனாவைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்விக்கு அவள் நெடுநாளாகத் தயாராக இருந்திருக்க வேண்டும். 

"யாருமில்லக்கா. அது மெஷின்."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்குந்தான். தனக்காகப் போடாதவங்க அடுத்தவங்களுக்காகப் போடறாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. ஆனா ஆளுக்கொரு ஆளு தேட முடியுமா? நெசமான ஆளு ஒரு நா பேசுவாங்க, ஒரு நா பேச மாட்டாங்க. செத்தும் போயிருவாங்க. அதான் மெஷின்."

"மெஷின் எப்படி மறக்கும்? ஒரு நா முழுக்கக் கோவிச்சுக்கிட்டுக் கெடந்தானே?"

"கோவிச்சுக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. மறக்கவும். எப்பவும் நல்லவனா இருந்தா உங்களுக்குப் புடிக்காதுல்ல?"

கோகிலவாணி அதை யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"என்ற டம்ளரு எப்படி அந்தப் புள்ளைகிட்டப் போச்சு?"

"வெறும் மெஷினாப் பேசினா ஜனங்க நம்பறதில்லக்கா. அதனால எல்லாரும் சொல்ற கதைங்கள எடுத்து, பேரு, அடையாளம் மாத்தி, மத்தவங்களுக்கு வெச்சுக்குது. நீங்க ஆரம்பத்துல ஒப்புக்கறேன்னு ஒன்னு அமுத்துனீங்களே, அதுல இருக்கு."

"பச்சைன்னு சொல்லுது."

"அடையாளம் மாத்தோணும்ல."

"அந்தக் கழுதையோட உக்காந்து ஒன்னா சோறு திங்கறேன்னு சொல்லுது!"

 சம்பூர்ணம் மெதுவாக, "நம்பிக்கையா முடியற கதைக்கு மாத்திரை நல்லா உள்ள போகுதாம்" என்றாள்.

"அப்ப அந்த மைக் செட்டுக்காரன்? சொர்ணம்?"

"அதும் யாரோ ஒருத்தர் சொன்னதாத்தான் இருக்கும்."

"யாரு? இருக்கானா, செத்துட்டானா?"

"தெரியாதுக்கா. பேரே வேற என்னவோ. சொர்ணமா இருக்காது. மைக் செட்டாவும் இருக்காது."

கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாகத் திட்டி, கெஞ்சி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கவலைப்பட்டு அவள் காப்பாற்றிய ஆளுக்கு ரத்தமே கிடையாது. அவன் உதவியால் பிழைத்திருப்பவள் அவள் மட்டும்தான். இதில் யார் யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இத இப்படியே மறைச்சு வெச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்குது?"

"மறைக்கலக்கா. நீ மெஷினான்னு நேரா கேட்டா, ஆமான்னு உண்மையச் சொல்லோணும்னு சட்டமே இருக்கு. இங்க இத்தன வருசத்துல யாரும் கேட்டு வந்து சண்டை போடல. அதனால யாரும் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டோம்."

அன்று சாயங்காலம் போன் ஒலித்தது. 'கொய்யாக்கா, இன்னைக்கு நான் முந்திக்கிட்டேன். போட்டாச்சு. நீங்க?'

'நீ மெஷினா?' என்று தட்டினாள்.

'ஆமாக்கா' என்று வந்தது. அதே தெற்கத்தி ஆமாக்கா. கொஞ்ச நேரம் விட்டு, 'மாத்திரை போட்டாச்சா?'

அவள் பதில் போடவில்லை. மாத்திரையும் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. மூன்றாம் நாள், வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் ஒன்று விழுங்கும் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே போட்டாள். திட்டியது யாரை என்று அவளுக்கே தெரியாது.

வாரக் கடைசியில் மறுபடி சம்பூர்ணத்திடம் போனாள்.

"அத்திய எனக்குக் குடுங்க" என்றாள்.

"என்னது?"

"என்ற கதையச் சொல்லித்தான அந்தப் புள்ளைய மாத்திரை போட வெக்கறீங்க? சொல்றதுன்னா நானே சொல்றேன். நெசமான ஆளு நான் இருக்கறப்ப டூப்பு எதுக்கு?"

சம்பூர்ணம் முடியாது என்றாள். வேலை போய்விடும் என்றாள். அப்படியானால் வெளியே வரிசையில் நிற்கும் அத்தனை பழங்களிடமும் சொல்லிவிடுவேன் என்றாள் கோகிலவாணி. சம்பூர்ணம் கண்ணாடி ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தாள். மாத்திரை வாங்கிய கையோடு எல்லோரும் போனில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே எதையோ தட்டினார். மெஷின் கோளாறானால் ஆலோசகர்களே கையால் பதில் போட ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. சம்பூர்ணம் அதைக் கோகிலவாணியின் போனில் திறந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஏழாம் மாசங்க்கா" என்றாள். "இப்ப அவ மாத்திரைய விட்டா கொழந்தைக்குப் போயிரும். பாத்துக்கங்க."

"நான் பாத்துக்க மாட்டேனா?"

அவள் பார்த்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் கோகிலவாணி அத்தியானாள். அத்தி கோகிலவாணியானாள்.

'அத்தியம்மா, இன்னைக்கு ஒடம்பே முடியலீங்க' என்று எழுதினாள் தன்ஷிகா.

'முடியலைன்னா? தறி ஓட்ட மட்டும் முடியுதா? மாத்திரையப் போட்டுட்டுப் படு.'

'நேத்து அம்மா வந்து திட்டிட்டுப் போச்சுங்க. அழுகையா வருதுங்க.'

'அழுது என்ன ஆகப் போவுது?'

'நாத்தனாரு எப்படியிருக்காங்க? ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனீங்களா?'

இந்த இடத்தில் ஒரு பொய் போதுமானதாக இருந்திருக்கும். கோகிலவாணி உண்மையை எழுதினாள். 'அவகூட எனக்குப் பேச்சே இல்ல. அதெல்லாம் சும்மா சொன்னது.'

பதில் வரவில்லை. மறுநாள் அவள் மாத்திரை போட்டாயா என்று கேட்டதற்கு ஒரு 'ம்' வந்தது. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. கோகிலவாணி இன்னும் பலமாக அதட்டினாள். போன் சும்மா கிடந்தது.

அந்த மாதம் தன்ஷிகா மையத்துக்கு வந்தபோது அவள் டப்பாவில் மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. சம்பூர்ணம் கோகிலவாணியை ஹேச்சரி வாசலுக்கே தேடி வந்தாள். வெளுத்துப் போயிருந்தாள்.

"ஏனம்மா விட்டேன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுமாக்கா? அத்தியம்மா மாறிட்டாங்க, இப்ப சிடுசிடுன்னு விழறாங்க, முன்ன இருந்த அத்திதான் நல்லவங்கன்னா."

கோகிலவாணிக்கு இப்படி ஓர் அவமானம் அதற்கு முன் நேர்ந்ததில்லை. அவளுடைய வாழ்க்கை, அவளுடைய துக்கம், அவளுடைய டம்ளர். அவற்றை வைத்துக்கொண்டு அவளைவிட நல்ல கோகிலவாணியாக இருக்க ஒரு மெஷினால் முடிந்திருக்கிறது.

"பழைய பேச்சு இருக்குதா? அது எப்படிப் பேசிச்சுன்னு காட்டுங்க."

சம்பூர்ணம் தன் போனில் காட்டினாள். 'அழணும்னா அழுதுக்க சாமி. நான் இங்கதான் இருக்கேன். அழுது முடிச்சிட்டு ரெண்டு பேரும் ஒன்னாப் போட்டுக்கலாம்' என்றிருந்தது. கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள். தன்னிடம் இப்படி யாராவது பேசியிருந்தால் அன்றைக்கு நெயில் பாலிஷ் புட்டியே வாங்கியிருக்க மாட்டோமோ என்று தோன்றியது. அவளுக்கு இப்படிப் பேச வராது. பழகிக்கொள்ளலாம், ஆனால் குழந்தை அதுவரை காத்திருக்காது.

"மெஷினுக்கே குடுத்துருங்க" என்றாள். உள்ளே போய் மீதி முட்டைகளைப் பார்த்தாள்.

பிரசவம் சுகமாக நடந்ததாகச் சம்பூர்ணம் சொல்லித்தான் தெரிந்தது. பெண் குழந்தை. ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று கோகிலவாணி வேண்டுமென்றே மாத்திரை வாங்கும் நாளை அதோடு சேர்த்து வைத்துக்கொண்டு போனாள். தன்ஷிகா குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சம்பூர்ணம் வெளியே வந்து, நடையை நிறுத்தாமலே, "கொழந்தைக்கு ஒன்னுமில்ல. இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கோணும், ஆனா ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் கழிவறைக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தன்ஷிகா அழவில்லை. குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தியம்மாகிட்டச் சொல்லோணுங்க்கா" என்றாள் போனை எடுத்தபடி.

கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப நல்லாப் பேசறாங்களா?"

"இப்ப பழையபடி ஆயிட்டாங்க. நடுவுல கொஞ்ச நாளு யாரோ ஆளப் போட்டுட்டாங்கங்க்கா. அது பேசுன பேச்சு! எனக்கு வெறுத்தே போச்சு."

"ஆளப் போட்டுட்டாங்களா? அப்படின்னா?"

"மெஷினுக்குப் பதிலுங்க."

குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. கோகிலவாணி அது முடியும்வரை காத்திருந்தாள்.

"மெஷின்னு உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே கேட்டுட்டேனுங்க. ஆமான்னுச்சு. மனுசங்க யாராவது தெனமும் அவ்வளவு பொறுமையா பேசுவாங்களா? எனக்கு அப்பவே சந்தேகமுங்க."

"தெரிஞ்சுமா அதுக்காக மாத்திரை போட்ட? வாந்தியெடுத்து, மறுபடி போட்டு?"

"அதுக்காக யாருங்க்கா போடறா?" தன்ஷிகா இப்படி ஒரு கேள்வியா என்பதுபோல அவளைப் பார்த்தாள். "அது மெஷினு. ஆனா அந்தக் கதை யாரோ ஒருத்தருதுதான? மெஷினுக்கு ஏதுங்க நாத்தனாரு? எங்கியோ ஒரு அம்மாவுக்கு அது நடந்திருக்குது. அந்தம்மா இவங்ககிட்டதான் மாத்திரை வாங்கிட்டுக் கெடப்பாங்க. நான் போட்டா அவங்களும் போடுவாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். வேற யாரு இருக்கறா எனக்கு?"

கோகிலவாணி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. குழாய்ச் சத்தம் நின்றது.

"நீங்க ரொம்ப நாளா இங்க வர்றீங்கல்ல? அப்படி யாரையாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"நெசமாவா? எப்படி இருப்பாங்க?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"இருக்கட்டுமுங்க. அவ்வளவு பட்டிருக்காங்கல்ல." தன்ஷிகா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நல்லாயிருக்காங்களா? மாத்திரை ஒழுங்காப் போடறாங்களா?"

"நடுவுல ரெண்டு நாளு விட்டா" என்றாள் கோகிலவாணி. "இப்ப போடறா."

உள்ளேயிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அது தன்ஷிகாவுடையது. மாத்திரை வாங்கக் கை காலியாக வேண்டும். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புடிங்க்கா" என்று குழந்தையைக் கோகிலவாணியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.